முப்பத்தேழாம் கேள்வியில் மூன்று பேர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. புதுச்சேரியில் மழைக்கு ஒதுங்கிய கடை. வாங்கும் எண்ணம் இல்லாமல், சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான வழிகாட்டி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தர்க்க அறிவுப் பகுதியில், கேள்விகளில் வரும் பி, க்யூ, ஆர் போன்ற எழுத்துகளுக்கு மேலே யாரோ பென்சிலால் மனிதப் பெயர்களை எழுதியிருந்தார்கள். ஒரு கேள்வியில் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் யாருடைய அத்தையோ மாமாவோ பெரியம்மாவோ. முப்பத்தேழாவது கேள்வியில் மட்டும், க்யூ-வுக்கு மேல் எழுதியதை ரப்பரால் அழித்திருந்தார்கள். காகிதம் நைந்து ஓட்டை விழப் பார்க்கும் அளவுக்கு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது.

அப்பா.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி முழுக்க நான் கற்பனை செய்தது. மரக்காணம் உப்பளத்தில் இப்படி ஒரு சாவு நடந்ததாக நான் சொல்லவில்லை. அந்தப் பென்சிலைப் பிடித்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை அந்தச் சொல்லை ஏன் இவ்வளவு அழுத்தி அழிக்க வேண்டும் என்று கடை வாசலில் நின்று யோசித்தபோது பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு மட்டும் நான் பொறுப்பு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "உப்பளத்தில் விடியும்போது வானம் தரையில் இறங்கி வந்து" —

[நிறுத்திவிட்டேன். ஈசிஆர் சாலையில் காரை ஓரம் கட்டிவிட்டுப் படம் எடுப்பவர் எழுதும் வாக்கியம் இது. அங்கே உப்பு வாருபவருக்கு அது கண் கூசும் இடம், அவ்வளவுதான்.]

இரண்டாவது: "மாயவன் செத்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது."

[பரவாயில்லை. ஆனால் செத்தவரோடு தொடங்கினால் வாசகர் துக்கத்துக்குத் தயாராகிவிடுவார். எனக்கு வேண்டியது துக்கம் இல்லை.]

மூன்றாவது: "சூர்யகலா ஒரு சுலபமான கேள்வியைத் தப்பாகப் போட்டாள்."

இது நிற்கட்டும்.

சூர்யகலாவுக்கு இருபத்தொரு வயது. உப்பளத் தொழிலாளி தட்சணாமூர்த்தியின் ஒரே மகள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில். பயிற்சி மையம் எதற்கும் அவள் போகவில்லை. செல்போனில் இலவசமாக வரும் வீடியோக்களைப் பார்த்துப் படித்தாள். அதில் பாடம் நடத்துகிறவர் ஒரு வழி சொல்லியிருந்தார்: "எழுத்துக்கு மூஞ்சி கெடையாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்க பேரப் போட்டுப் பாருங்க, கணக்கு தானா வரும்." அவளுக்கு அப்படித்தான் வந்தது. எந்தப் புதிராக இருந்தாலும் தெருவிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும்.

முப்பத்தேழாவது கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் தருகிறேன்.

பி, க்யூ, ஆர் மூவரும் இதே வரிசையில் ஒருவர் பின் ஒருவராக ஓர் அறைக்குச் சென்றனர். பி வெளியே வந்தபோது அறையில் விளக்கு எரிந்தது. ஆர் உள்ளே நுழைந்தபோது விளக்கு அணைந்திருந்தது. வேறு யாரும் அங்கே செல்லவில்லை. விளக்கு தானாக அணையாது எனக் கொள்க. அணைத்தவர் யார்? (அ) பி (ஆ) க்யூ (இ) ஆர் (ஈ) கொடுக்கப்பட்ட தகவல் போதாது.

எட்டாவது படிக்கும் பிள்ளை போட்டுவிடும். சூர்யகலா (ஈ) என்று குறித்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் (ஆ) என்று இருந்தது.

வழக்கம்போல அவள் பெயர்களைப் போட்டிருந்தாள். ஆர் என்பதற்கு, அப்பாவோடு உப்பளத்தில் வேலை செய்யும் மேரிசெல்வி. க்யூ என்பதற்கு அப்பா. அறைக்குப் பதில் உப்பளத்தின் மோட்டார் கொட்டகை. பி என்ற இடத்தில் போட அவளிடம் ஆள் இல்லை. அதனால்தான் தகவல் போதவில்லை.*

* இவ்வளவு பொருத்தமாக ஒரு கேள்வி அமையுமா என்று கேட்பீர்கள். கேள்வி பொருத்தமானதே இல்லை. முப்பத்திரண்டு நாளாக அவள் மனசில் ஒரே விஷயம்தான் இருந்தது. ரயிலின் வேகத்தைக் கேட்டிருந்தாலும் அவள் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பாள்.

3

இனி அந்தக் கொட்டகை.

ஓடையிலிருந்து வரும் உப்புத்தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கும். மோட்டார் அதை இழுத்துப் பாத்திகளுக்கு ஏற்றும். குழிக்குள் இருக்கும் குழாயின் வாயில் பாசியும் சேறும் அடைத்துக்கொள்ளும். நாளுக்கொரு தடவை யாராவது இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் வழிக்க வேண்டும். உப்புக்காற்று ஒயரைத் தின்றுவிட்டதால் மோட்டார் ஓடும்போது குழித் தண்ணீரில் கரண்ட் இறங்கும். அது எல்லோருக்கும் தெரியும். குத்தகைக்காரருக்கும் தெரியும். கொட்டகைக்குள் ஸ்விட்சுப் பக்கத்தில் நின்றால் குழி கண்ணில் படாது.

அதற்காக அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழியில் இறங்குபவர் தன் தோள் துண்டைக் கொட்டகைக் கதவின் நாதாங்கியில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு இருந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. அதை ஒருவரும் மீறியதில்லை. ஒருவருடையது காவி, ஒருவருடையது கட்டம் போட்டது, ஒருவருடையது ஓரம் கிழிந்தது. உள்ளே யார் என்று துண்டே சொல்லிவிடும்.

இந்த வருஷம் மே நாளுக்குச் சங்கத்தில் எல்லோருக்கும் துண்டு கொடுத்தார்கள். எல்லாம் ஒரே பச்சை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்சணாமூர்த்தி மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பாத்தியின் மறுகோடிக்கு நடந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகைப் பக்கம் வந்த மேரிசெல்வி, கூட வேலை செய்யும் மாயவன் குழியில் செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாதாங்கியில் துண்டு இல்லை.

போலீசிடம் தட்சணாமூர்த்தி ஒன்றையும் மறைக்கவில்லை. "நான்தாங்க மோட்டார் போட்டேன். குழியில ஆளு இருக்கறதா துண்டு கட்டலீங்க." மேரிசெல்வி அதையே சொன்னாள். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாளே ஒயரை மாற்றிவிட்டார்கள். மாயவன் குடித்துவிட்டு, துண்டு கட்ட மறந்து இறங்கினான் என்று ஊர் பேசி முடித்தது. தட்சணாமூர்த்தியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர்கள்கூட உண்டு. உம் மேல தப்பு இல்லப்பா என்று.

அன்று சாயங்காலம் சூர்யகலா வாசல் கயிற்றில் காய்ந்த துணிகளை எடுத்தாள். அதில் அப்பாவின் பச்சைத் துண்டு இருந்தது. முந்தின நாள் ராத்திரி அம்மா துவைத்துப் போட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அப்பா தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்.

அவர் தோளிலும் ஒரு பச்சைத் துண்டு இருந்தது.

4

சூர்யகலாவின் அம்மா சின்னப்பாப்பாவை முதல் வரைவில் நான் சாகடித்திருந்தேன். துணி எடுக்கிற வேலை மகளுக்கு வர வேண்டும், இரண்டு துண்டையும் பார்த்தவள் அவள் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதற்காக. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு துண்டுக்காக ஒரு பெண்ணைக் கொல்வதா? உயிரோடு கொண்டுவந்தேன். வந்தவள் கதையை இன்னும் மோசமாக்கினாள். அவளுக்கும் எண்ணத் தெரியும்.

மறுவாரம் பார்த்தபோது வீட்டில் பச்சைத் துண்டு ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று நாலாகக் கிழிந்து அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது.

"ஏம்மா நல்ல துண்ட கிழிச்ச?"

"துணி இல்ல, கிழிச்சேன். போயி படி."

அப்பா துண்டு போடுவதையே நிறுத்திவிட்டார். ஜூன் வெயிலில், வேர்வையை முழங்கையால் வழித்துக்கொண்டு, கண்ணில் உப்பு இறங்கிச் சிவந்து வீடு வந்தார். டீக்கடையில் கேலி செய்தார்கள்: "ஏம்பா தட்சணா, தோளு வெறுமனா வர்ற, புது மாப்ளயா நீ?" அவர் சிரித்தார். சூர்யகலா மனசுக்குள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டாள்: அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, தெரியவில்லை, வெறும் துக்கம்தான். ஒரு நாளில் பத்து முறை இரண்டு பக்கமும் போய்வந்தாள். கேட்டுவிடலாம் என்று அவர் முன்னால் போய் நின்று, சாப்பிடுறியாப்பா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவருக்கே தெரியாமல் இருந்தால், கேட்கிற அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

புதன்கிழமை மாயவனின் மனைவி செல்லம்மாள் வந்தாள்.

"சூர்யா, இருக்கியாம்மா?"

"வாங்க அத்த."

"வக்கீலுக்குப் படிக்கப் போறியாமே. எனக்கு ஒரு மனு எழுதிக் குடு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும்."

"என்னான்னு எழுதணும்?"

"எம் புருஷன் துண்டு கட்டாம எறங்கல. அவ்ளோதான். குடிச்சிருந்தான், கட்டலன்னு ஊரே பேசுது. அவரு ஞாயித்துக்கெழமதான் குடிப்பாரு, ஊருக்கே தெரியும். லீவு நாளு வந்து குழியில எறங்க அவருக்கு என்னா பைத்தியமா? செத்தது செவ்வாய்க்கெழம."

சின்னப்பாப்பா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பொணத்தோட சட்ட வந்துது. பீடிக்கட்டு வந்துது. ஒத்தச் செருப்புகூட வந்துது. துண்டு வர்ல. துண்டுக்கு என்னா காலா இருக்குது, நடந்து போவ?"

பேசிக்கொண்டே கையை வீசியதில் டம்ளர் சாய்ந்தது. செல்லம்மாள் எட்டிப் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள்.

"மே நாளு துண்டா இது? பரவால்ல, நல்லாத் தண்ணி இழுக்குது."

"குடு செல்லம்மா, நான் தொடைக்கறேன்," என்று சின்னப்பாப்பா துணியைப் பற்றினாள். ஒரு கணம் அது இருவர் கையிலும் இழுபட்டது.

"இருக்கட்டும்க்கா. ஊத்துனவதான் தொடைக்கணும்."

[இந்த இடத்தில் செல்லம்மாளுக்கு ஏதோ பொறி தட்டியதாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தட்டவில்லை. எல்லாம் ஒரே பச்சை.]

5

கேள்வியில் ஒரு வரி இருந்தது: விளக்கு தானாக அணையாது எனக் கொள்க. சூர்யகலா அதை அடிக்கோடிட்டாள். அங்கேதான் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. துண்டு தானாக அவிழலாமே? கடற்கரைக் காற்று சும்மா இருக்குமா? காற்றில் அவிழ்ந்து கீழே விழுந்த துண்டை அப்பா எடுத்திருந்தால்?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, காற்று வலுக்கும் நேரம் பார்த்து, வீட்டிலிருந்த மிச்சத் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். கொட்டகையில் ஆள் இல்லை. நாதாங்கியில் அப்பா போடும் முடிச்சையே போட்டாள். வரப்பில் உட்கார்ந்தாள். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. அவிழ்ந்துவிடு என்று கேட்டுக்கொண்டாள். கால் மணி, அரை மணி. பாத்தி ஓரத்து நுரையைக் காற்று உருட்டிக்கொண்டு போனது. முடிச்சு இறுகியதே தவிர தளரவில்லை.

"டேய்! யார்றா குழியில? மோட்டார தொடாதீங்கடா!"

தூரத்து வரப்பில் ஒருவர் விழுந்தடித்து ஓடி வந்தார். முருகையன். அப்பாவோடு வேலை செய்பவர். நேராகக் குழிக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பினார்.

"யாருமே இல்லியே. நீயாம்மா கட்டுன?"

"காத்துல அவிழுதான்னு பாத்தேன் சித்தப்பா."

முருகையன் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேகமாக அவிழ்த்து அவள் மடியில் போட்டார்.

"அவிழாது. அன்னிக்கும் நல்லா கட்டித்தான் இருந்துது."

"நீங்க பாத்தீங்களா?"

"டீக்குப் போவும்போது பாத்தேன். ஏழு மணி இருக்கும். குழியில தண்ணி அளையற சத்தங்கூட கேட்டுது. டேய் மாயவா, டீ வேணுமான்னு கேட்டேன். வாங்கியான்னான்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"கேக்கலியே."

"நீங்களா சொல்லலாம்ல?"

"சொல்லிட்டு? உங்கப்பனும் நானும் இருவது வருஷமா ஒரே தூக்குச்சட்டியிலதான் சாப்புடறோம்." அவர் உப்பு வெடித்த உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "கையில டீய வச்சிக்கிட்டு நின்னேன்ம்மா. கூட்டமா இருக்குதேன்னு பாத்தா, மாயவன் கெடக்கறான். அந்த டீய என்னா பண்ணேன்னு இன்னிவரைக்கும் ஞாபகமில்ல. நீ எதுக்கு இதெல்லாம் கேக்குற?"

"பரிட்சைக்கு."

அந்தப் பதில் அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாள். பி என்ற எழுத்துக்கு மேல் முருகையன் என்று எழுதினாள். தகவல் போதும். இப்போது எல்லாம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் குழியில் இறங்கி, ஈரத்தோடு வீடு வந்தவர் அப்பா. காலையில் தோளில் துண்டு இல்லாமல் போனார். நாதாங்கியில் பச்சையாக ஒன்று தொங்கியது. நேற்று மறந்துவிட்டுப் போன தன் துண்டு என்று நினைத்தார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தார். தோளில் போட்டுக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினார். போலீசிடம் துண்டு கட்டலீங்க என்று சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மகள் கையில் இன்னொரு துண்டைப் பார்த்த பிறகுதான் அது பொய் ஆயிற்று. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

க்யூ-வுக்கு மேல் இருந்ததை அழிக்கத் தொடங்கினாள். காகிதம் சூடாகும்வரை அழித்தாள்.

6

இங்கே நான் பல நாள் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று. சூர்யகலா மனு எழுதவில்லை. நேரமில்லை என்கிறாள். தேர்வில் தேறுகிறாள். பல வருஷம் கழித்துக் கறுப்புக் கோட்டோடு கோர்ட் படியேறும்போது —

[அந்தப் படியில் செல்லம்மாள் இல்லை. அவளைக் கதைக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர முடிந்தது.]

இரண்டு. சனிக்கிழமை விடிகாலை தட்சணாமூர்த்தி வீட்டில் இல்லை. சூர்யகலா கொட்டகைக்கு ஓடுகிறாள். குழியில் —

[இதை முழுசாக எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவர் செத்துவிட்டால் இனி யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எழுதுகிறவனுக்கு அது சௌகரியமான சாவு. கிழித்துவிட்டேன்.]

மூன்று. போலீஸ் வருகிறது.

[வராது. எழுதி முடித்த காகிதத்தை அவர்கள் தாமாகத் திறப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.]

தட்சணாமூர்த்தி என்ற மனிதர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவரை நல்லவர் என்று எப்படி எழுதுவது? ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்று எண்ணிப் பார்த்தால், ஜெயிலுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துண்டுப் பழக்கத்தை நம்பித்தான் அத்தனை பேரும் குழியில் இறங்கினார்கள். அதை உடைத்த கை தன்னுடையது என்று அவர்களிடம் சொல்வதற்குத்தான் அவர் பயந்தார். இது என் ஊகம். சூர்யகலாவின் பயம் இன்னும் சின்னது: அவர் இனிமேல் தன் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பது.

7

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் செல்லம்மாள் கையெழுத்துப் போட வந்துவிட்டாள். தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள், கலெக்டர் இந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் போல.

சூர்யகலா வெள்ளிக்கிழமை முழுக்கப் பாடம் எதையும் படிக்கவில்லை. மனுவைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று தாள் வீணாகி, நான்காவதில் பாதிவரை வந்திருந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை.

வாசலுக்குத் தட்சணாமூர்த்தி வந்தார். கால் கழுவும்போதே செல்லம்மாளின் குரல் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

"என்னா எழுதற?"

"அத்தைக்கு மனுப்பா."

"படி."

"அப்புறம் படிக்கலாம், அவரு சாப்புடட்டும்," என்றாள் சின்னப்பாப்பா உள்ளேயிருந்து.

"படின்றேன்ல."

சூர்யகலா படித்தாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது. "ஐயா, என் கணவர் மாயவன் குழியில் இறங்கும் முன் வழக்கப்படி கதவில் துண்டு கட்டினார். காலை ஏழு மணிக்கு அந்தத் துண்டு கட்டியிருந்ததை உடன் வேலை செய்யும் முருகையன் பார்த்திருக்கிறார். குழியில் இருந்த என் கணவரோடு அவர் பேசியும் இருக்கிறார். அதன் பிறகு அங்கே வந்தவர்" —

நிறுத்தினாள்.

செல்லம்மாள் நிமிர்ந்தாள். "முருகையன் பாத்தானா? பேசுனானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. என்னா பேசுனாரு? கடசியா என்னா சொன்னாரு?"

  தட்சணாமூர்த்தி நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, செல்லம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையைத் தரையில் ஊன்றினார்.  அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தார். சூர்யகலா பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதற்கே அவள் பற்களைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருடைய அடுத்த வாக்கியத்தை நான் நான்கு முறை எழுதினேன். ஒன்றில் உண்மை இருந்தது, ஒன்றில் பாதி உண்மை. ஒன்றில் அவர் முருகையன்மேல் கோபப்பட்டார். இன்னொன்றில் வெறும் அழுகை. நான்கையும் எடுத்துவிட்டேன். நான் எழுதிக்கொடுத்தால் அது அவருடைய வாக்குமூலம் ஆகாது. அவர் வாயில் நான் வைத்த சொல்லாகத்தான் இருக்கும். அவர் வாயைத் திறந்துவிட்டார் என்பதுவரை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த அறையிலேயே இருங்கள். யார் பக்கத்தில் உட்காருவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

செல்லம்மாள் முந்தானையை மடியில் சேர்த்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"சொல்லுண்ணா. நான் கேட்டுக்கறேன்."